ஏழாம் நோட்டீஸ்

முதுகு சாய இடமில்லாத அந்த உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததும் மாசிலாமணி நினைத்தார்: உழைக்கிறவனுக்கு முதுகு சாய நேரமில்லை என்று நாற்பது வருடம் மைக் பிடித்துப் பேசினோம், இங்கே தின்ன வருகிறவனுக்கே இடமில்லை. நினைத்தவுடன் இது நோட்டீஸில் போடத் தக்க வரிதானே என்று ஒரு சின்னக் கர்வம் எழுந்தது, எழுந்த வேகத்திலேயே அமுங்கியது, ஏனென்றால் இன்றைக்கு அவர் இங்கே வந்திருப்பதே ஒரு நோட்டீஸால்தான். குன்றத்தூர் சாலையில் பஞ்சர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பன்னிரண்டு அடி அகலத்தில் இருந்தது இந்தச் சுஷிக் கடை. வெளியே ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் 'இன்று சூரை, கணவாய், வஞ்சிரம்' என்று தமிழில்தான் எழுதியிருக்கும், எழுத்து குண்டு குண்டாக, அந்தக் காலத்தில் ஆலையின் ஷிஃப்ட் லாக் புத்தகத்தில் வெப்பநிலை எழுதிய அதே கையெழுத்து. ஐந்து மாதமாக எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று அதைப் படித்துவிட்டு, ஏதோ வேலை இருக்கிற ஆள் மாதிரி நடந்து போய்விடுவார். இன்று ஒன்றேகால் மணிக்குச் சாலையைக் கடந்துவிட்டார். கண்ணாடிக் கதவைத் தள்ளினார். பலகை மேடைக்குப் பின்னால், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த இருதயராஜ் நிமிர்ந்து, "வாங்க சார், ஒருத்தரா? இங்கயே உட்காரலாம்" என்றான். சார். அவன் வாயில் அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. தலைவரே என்பான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் தலைவரே, கேட்டில் பார்த்தால் தலைவரே, கல்யாணமான கையோடு வீட்டுக்கு வந்தபோது பெண்டாட்டியிடம் திரும்பி 'தலைவர் கால்ல விழு பிலோமினா' என்று அவளைக் கூச்சப்பட வைத்தவன். சார் என்றால் அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தமா, தெரிந்ததால்தான் சாரா? இருபத்தாறு வருடம். முடி போய்விட்டது, பல் பாதி போய்விட்டது, குரல் மட்டும் இருக்கிறது. குரலைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று அவர் விரலை மட்டும் காட்டினார், ஒன்று என்று. ஊரைக் கூட்டிய தொண்டை ஒரு சாப்பாட்டுக் கடையில் ஊமையாக உட்கார்ந்திருக்கிறது, பார், என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இந்த மேடையில் சாப்பிடுவதற்கு ஒரு முறை இருந்தது, பார்த்துக்கொண்டிருந்ததில் புரிந்தது. உட்காருகிறவன் முன்னால் மொத்தமாக எதையும் கொட்டமாட்டார்கள். சமைக்கிறவன் எதிரே நின்று ஒரு வாய்ச் சோற்றை உள்ளங்கையில் எடுத்து, இரண்டு விரலால் அமுக்கி, மீன் துண்டை மேலே படுக்கவைத்து, கைக்கு எட்டும் தூரத்தில் வைப்பான். வைத்தவுடன் எடுத்து வாயில் போட வேண்டும். மென்று விழுங்கும்வரை அவன் அடுத்ததைத் தொடுவதில்லை, எதிரேயே நிற்பான். இப்படி ஒரு ஏற்பாட்டை எவன் கண்டுபிடித்தான் என்று மாசிலாமணிக்கு எரிச்சலாக வந்தது. நம் ஓட்டலில் இலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவான், குனிந்துகொண்டு தின்னலாம், தின்கிறபோது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் எதிரே ஒரு முகம், அந்த முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது போல. சொல்ல வேண்டியதை அவர் காலையில் குளிக்கும்போதே கோத்துக்கொண்டுதான் வந்தார். 'இருதயம், வேலைநிறுத்தத்தின்போது உன்னை உள்ளே அனுப்பியது நான். உன்னைக் கருங்காலி என்று நோட்டீஸ் போட்டதும் நான்.' இரண்டே வாக்கியம். அதற்குப் பிறகு ஒரு நல்ல செய்தியும் வைத்திருந்தார், கையில் பழம் கொண்டுபோவது போல. சங்கத்தின் வெள்ளிவிழா ஒரு வருடம் தள்ளிப்போய் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. மலர் அச்சாகிறது. அதில் அன்றைய நோட்டீஸ்கள் பன்னிரண்டையும் அப்படியே மறுபடி அச்சிடுகிறார்கள். ஏழாம் நோட்டீஸும் அதில் ஒன்று. மூன்று மணிக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போகிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஏழாவதை எடுத்துவிடுவார்கள், பக்கம் இடிக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். எடுத்துவிடுகிறேன் இருதயம், உன் பெயர் இனிமேல் எதிலும் வராது, என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

"பெரியவரே, புதுசா?" என்றார் பக்கத்து ஸ்டூல்காரர். விரலில் மூன்று மோதிரம், சட்டைப் பையில் மனைப் பிரிவு விளம்பரத்தோடு பேனா, வயிறு மேடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பயப்படாதீங்க. டாக்டர் எண்ணெய் தொடக்கூடாதுன்னுட்டான், அதான் நானும் வாரத்துல ரெண்டு நாள் வரேன். முதல் தடவை ரசம் கேட்டேன். தொரத்தி விட்டுட்டார்."

"தொரத்தலை புருஷோத்தமன் சார். ரசம் பின்தெருவுலன்னு வழிதான் சொன்னேன்" என்றான் இருதயராஜ், நிமிராமல்.

"பாத்தீங்களா? மீனை வேகவைக்க மாட்டாரு, ஆளை மட்டும் வேகவைப்பாரு."

இருதயராஜ் சிரித்தான். முதல் துண்டை வைத்தான். சூரை, செக்கச்செவேல் என்று. மாசிலாமணி கையால் எடுத்து வாயில் போட்டார். சோறு சூடும் இல்லை, சில்லென்றும் இல்லை, ஒரு மனிதனின் உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. லேசான புளிப்பு, காடி ஊற்றியிருக்க வேண்டும். மீன் வாடையே இல்லாமல் நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது. நன்றாக இருந்தது, அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. நன்றாக இல்லாமல் போயிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். 'இவன் கையால் பச்சைத் தண்ணீரும் வாங்க மாட்டோம் என்று இன்று உறுதி ஏற்போம்.' ஏழாம் நோட்டீஸின் கடைசி வரி. யார் எழுதினது? இந்தக் கை. இப்போது அந்தக் கையே நீண்டு இவன் கையிலிருந்து பச்சை மீனை வாங்கி வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாத கை அது. தெருமுனையில் கொடுக்கிற துண்டுத் தாள்களைப் பொறுக்கி எழுத்துக் கூட்டிப் படித்தே வளர்ந்த அறிவு. உபரி மதிப்பு என்பதைத் துண்டறிக்கையில்தான் கற்றார், உலக வரைபடத்தைத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில்தான் முதன்முதலில் பார்த்தார், பிற்பாடு சட்டம் படித்த வக்கீல்களே இவர் எழுதினதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்பித்தான் அவர் மனிதரானார். அவர் ஒருவர் மட்டுமா அப்படி நம்பினார்? சங்கத்தில் இருந்த முந்நூற்று நாற்பது பேரும் அப்படித்தான் நம்பினார்கள். அதனால்தான் ஏழாம் நோட்டீஸை ஒருத்தனும் சந்தேகப்படவில்லை.

இருதயராஜ் அடுத்த துண்டுக்கு மூடியைத் திறந்து, மரத் தொட்டியில் இருந்த சோற்றின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தான். ஒரு விசிறியால் நாலு முறை வீசினான். மறுபடி புறங்கை. மாசிலாமணி அந்தக் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே வெள்ளையாகச் சுருங்கிய தழும்பு அப்படியே இருக்கிறது, உருகின அலுமினியம் தெறித்தது. ஃபர்னஸ் வாயில் நின்று முகத்தைச் சாய்த்து உலோகத்தின் மேல் படியும் ஆடையைப் பார்த்தே, "மீட்டர் எழுநூறு காட்டுது தலைவரே, ஆனா அறுநூத்தி எம்பதுதான் இருக்கு" என்பான், ஜப்பான்காரன் வேறு கருவி கொண்டுவந்து அளப்பான், அறுநூற்று எண்பதுதான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், பாதி ஜப்பான் பங்கு, பாதி நம்மூர்ப் பங்கு, மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு மூடி வார்க்கிற கம்பெனி. உருக்கின உலோகத்தைச் சூடு குறையாமல் வைத்திருக்கிற ஃபர்னஸ் ஒன்று இருந்தது, அதை அணைக்கவே கூடாது. அணைந்தால் உள்ளே இருக்கிற அலுமினியம் கல்லாக இறுகும், உட்பூச்சு வெடிக்கும், இடித்துக் கட்ட ஆறு மாதம். வேலைநிறுத்தம் தொடங்கி நாலாம் நாள், மேற்பார்வை ஆட்கள் கையில் ஃபர்னஸ் தடுமாறுகிறது என்று தெரிந்தது. செத்தால் நிர்வாகத்துக்கு நல்ல சாக்கு, ஆலையே போய்விட்டது என்று இழுத்து மூடிவிட்டு ஆந்திராவுக்கு ஓடிவிடுவான். ஜெயித்து எங்கே போய் வேலை செய்வது? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டீக்கடையில், மத்தியானம், ஈ மொய்க்கிற மேஜையில் இருதயத்தை உட்காரவைத்துச் சொன்னார். காலையில் ஸ்டாஃப் காரிலே போ. ஃபர்னஸை மட்டும் பார். ஒரு பீஸ் வார்க்கக் கூடாது, சூடு மட்டும் காப்பாத்து. கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நம்ம ஆளுங்க பாத்தா தலைவரே?" அவர் சொன்னார், "நான் இருக்கேன்ல." இரண்டு வார்த்தை. சாகிறவரைக்கும் அந்த இரண்டு வார்த்தை போதும் ஒரு மனுஷனுக்கு.

கணவாயை வைத்தான். வெள்ளையாக, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள். எடுத்து மென்றுகொண்டிருக்கும்போதே சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அமுதவல்லி. இப்போதைய பொதுச்செயலாளர், கேண்டீன் தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவள், இரண்டு பிள்ளைக்குத் தாய், கமிட்டியில் ஆம்பிளைகள் அவளைப் பார்த்தால் பீடியை அணைப்பார்கள்.

"தோழர், சாப்பிடுறீங்களா? ஒரு நிமிஷம். ஏழாம் நோட்டீஸ் ஸ்கேன் மங்கலா வருது. திருப்பி டைப் பண்ணிப் போடவா, இல்லை விட்டுடலாமா? நாலு பக்கம் இடிக்குது எப்படியும்."

வாயில் கணவாய் ரப்பர் மாதிரி நின்றது. "கொஞ்சம் பொறு."

"மூணு மணிக்கு ஃபைல் போகணும் தோழர். அட்டை ரெடி. உங்க படம் கம்பீரமா வந்திருக்கு, கேட் மீட்டிங்ல கையைத் தூக்கிட்டு இருப்பீங்களே, அது."

"பொறுன்னேன்ல. கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். குரல் வெளியே வந்துவிட்டது. இருதயராஜின் முகத்தைப் பார்த்தார். அவன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஒரே இடத்தை.

கையைத் தூக்கிக்கொண்டிருக்கும் படம். எந்தக் கூட்டம் அது, வேலைநிறுத்தத்தின் பத்தொன்பதாம் நாளா? அன்றைக்கும் கையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி வெயில், கேட்டுக்கு முன்னால் முந்நூற்று நாற்பது பேர், பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரியவில்லை, அப்போதுதான் பின்னாலிருந்து ஸ்டாஃப் கார் ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது, கண்ணாடிக்கு உள்ளே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தன், பாதி இறங்கியிருந்த கண்ணாடி வழியாக யாரோ கையை விட்டுத் துண்டைப் பிடுங்கினான், இருதயம். சத்தம் ஒரு கணம் நின்று, அப்புறம் வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. கல் எங்கிருந்துதான் கிடைக்கிறதோ கூட்டத்துக்கு. கார் உள்ளே போய்விட்டது, ஆனால் போகிறதற்கு முன்னால், அந்த ஒரு கணம், உடைந்த கண்ணாடி வழியாக இருதயம் மேடையைப் பார்த்தான். மேடை என்ன மேடை, கவிழ்த்துப்போட்ட ஒரு டிரம். அதன்மேல் மைக்கோடு இவர். இவர் வாய் திறந்துதான் இருந்தது. திறந்த வாயில் வார்த்தை இருந்ததா இல்லையா, அதுதான் இருபத்தாறு வருடமாகப் பிடிபடவில்லை. இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். 'நான்தான் அனுப்பினேன் தோழர்களே' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலைவன் விலைபோய்விட்டான் என்பார்கள், பாதிப் பேர் அன்றைக்கே கலைவார்கள், மீதிப் பேர் மறுநாள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவார்கள், அறுபத்தொரு நாள் போராட்டம் பத்தொன்பதோடு முடியும். ஒரு மனுஷன் பெயர் கெட்டது, முந்நூற்று நாற்பது குடும்பம் பிழைத்தது. இது கணக்கு. இந்தக் கணக்கைத் தூக்கம் வராத எத்தனையோ நாள் போட்டு விடை சரியாக வந்திருக்கிறது. விடை சரியாக வருகிறது என்றால் மறுநாள் மறுபடி ஏன் போடுகிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும், அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், போராட்டத்தின் நலன் என்று. நலன் சரி. ஆனால் அந்தக் கல்? கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற கஜபதி கையில் ஒரு கல் இருந்தது, காரின் மேல் எறியாமல் மிச்சம் வைத்த கல், அரைச் செங்கல் அளவு, அவன் மேடையை நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க தலைவரே, இவன் எப்படி உள்ளே போனான்?" என்று கேட்டான். மாசிலாமணி கஜபதியின் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார். முந்நூற்று நாற்பது குடும்பமும் அப்போது அவர் நினைவில் இருந்ததா? கல் இருந்தது. அதன் ஒரு முனையில் ஒட்டியிருந்த சிமெண்ட் இருந்தது. இது இன்றுவரை தெளிவாகத் தெரிகிறது, சிமெண்டில் பதிந்திருந்த கொத்தனார் விரல் தடம்கூடத் தெரிகிறது, குடும்பங்கள்தான் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டன, நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோது, ஒவ்வொன்றாக.

வஞ்சிரம். எண்ணெய் பளபளத்தது. வைத்துவிட்டு இருதயராஜ் நின்றான். தின்றார். பக்கத்தில் புருஷோத்தமன் கடல்பாசித் தாளில் சுற்றியதை நறுக்கென்று கடித்துவிட்டு, இந்த இடத்தின் சதுர அடி விலை அடுத்த வருடம் எங்கே போகும் தெரியுமா என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டீஸ் எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. கை நடுங்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம். நாலு மணி வெயில் மேஜையில் விழுந்துகொண்டிருந்தது, எழுத எழுத வந்துகொண்டே இருந்தது, காட்டிக்கொடுத்தவன், எலும்புத் துண்டுக்கு வாலாட்டியவன், வர்க்கத் துரோகி. எழுதி முடித்தபோது அவரே அதை நம்பியிருந்தார், அச்சில் படித்தபோது கோபமே வந்தது இருதயத்தின் மேல். ஒப்பந்தம் ஆகி எல்லாரும் உள்ளே போன பிறகு ஆலைக்குள், ஷாப்பில், தண்ணீர் டிரம் பக்கம் அவன் வந்தால் டம்ளரைக் கவிழ்ப்பார்கள். ஃபர்னஸ் அணையாமல் இருந்ததால்தான் ஒப்பந்தம் ஆன மறுநாளே உற்பத்தி தொடங்கியது, அந்த உற்பத்தியை வைத்துத்தான் போனஸ் கேட்டு வாங்கினார்கள், அந்தப் போனஸில் வாங்கின எவர்சில்வர் டம்ளர்தான் அது. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஃபர்னஸ் பிரிவு ஜப்பான்காரன்தான் தங்கள் விருந்தினர் விடுதிச் சமையல் கட்டில் சேர்த்துவிட்டதாகக் கேள்வி. அதையும் கூட்டத்தில் சொன்னார்கள், பார்த்தீர்களா, எஜமானன் வீட்டு அடுப்படிக்கே போய்விட்டான் என்று. மாசிலாமணியும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். யார் அவனுக்குச் சோறு போட்டது? முதலாளியின் ஆள். சங்கம் என்ன போட்டது? நோட்டீஸ். இந்த வரியையும் யாராவது நோட்டீஸில் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனையிலும் மாளாத ஒரு கேள்வி, மற்றதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து இடறி விழுகிற கேள்வி: இவன் ஏன் வாயே திறக்கவில்லை? டம்ளரைக் கவிழ்க்கும்போது, 'உங்க தலைவனைக் கேளுங்கடா' என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. ஒவ்வொரு நாளும் அதற்காகவே காத்திருந்தார், வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நியாயம் கேட்க ஷாப் ஆட்கள்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நிற்பார். யாரும் வரவில்லை. வராத ஒவ்வொரு நாளும் அவன் மேல் வெறுப்பு கூடியதே, அது என்ன கணக்கு?

"அடுத்து இறால் போடவா சார்?"

"இருதயம்."

"சொல்லுங்க சார்."

"என்னைத் தெரியலையா?"

இருதயராஜ் கத்தியை ஈரத் துணிமேல் வைத்தான். "கதவைத் தள்ளும்போதே தெரிஞ்சுது. அஞ்சு மாசமா எதிர்ல நின்னு போர்டைப் படிக்கிறீங்களே, அப்பவே தெரியும். எழுத்து சின்னதா இருக்கோன்னு பெரிசாக்கூட எழுதிப் பார்த்தேன்."

கோத்து வைத்திருந்த இரண்டு வாக்கியமும் சிதறிப் போயிருந்தன. "அன்னைக்கு உன்னை உள்ளே போகச் சொன்னது நான்" என்றார்.

"எனக்கா சொல்றீங்க?"

"இல்லை, நான்..."

"அந்த டீக்கடையில வடையைப் பிட்டுப் பாதி எனக்குக் குடுத்துட்டுத்தானே சொன்னீங்க. என்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாதா?" குரல் உயரவில்லை. இறாலின் ஓட்டை உரித்துக்கொண்டே பேசினான்.

"மன்னிச்சிடு" என்றார் மாசிலாமணி. வாழ்க்கையில் நிர்வாகத்திடம் சொல்லாத வார்த்தை, போலீஸிடம் சொல்லாத வார்த்தை, கட்டின பெண்டாட்டி சாகக் கிடந்தபோதும் வாய்வரை வந்து நின்றுபோன வார்த்தை. வந்துவிட்டது, வந்தும் ஒன்றும் ஆகவில்லை, புருஷோத்தமனின் சூப் கிண்ணம் மட்டும் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் அவசரமாகத் தன் நல்ல செய்தியை, கொண்டுவந்த பழத்தை, எடுத்து நீட்டினார். "மலர் ஒண்ணு வருது. அதுல பழைய நோட்டீஸெல்லாம் போடுறாங்க. ஏழாவதை எடுக்கச் சொல்லிடறேன். உன் பேரு எங்கேயும் வராது. யாருக்கும் தெரியாது."

"எடுத்துட்டா?" இருதயராஜ் நிமிர்ந்தான். முதல்முறையாக நேராகப் பார்த்தான். "எங்க தெருவுல ரெண்டு வீட்டுல அந்த நோட்டீஸ் இன்னும் பத்திரமா இருக்கு. எம் பொண்ணு மாமனாரு வீடு ஒண்ணு. சம்பந்தம் பேசும்போது எடுத்துக் காட்டினாரு, இது நீங்கதானான்னு. ஆமான்னேன். நீங்க மலர்ல எடுத்துட்டா அவரு வீட்டுப் பரண்லேருந்து யாரு எடுக்கிறது?"

"ஏன் ஆமான்னே? ஏன் அன்னைக்கே சொல்லலை? யார்கிட்டயும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இருதயம்."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா ஸ்ட்ரைக் உடைஞ்சிருக்கும்." அவன் இறாலை விரித்துக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டினான். "நானும் சந்தா கட்டினவன்தானே சார். அப்புறம் ஜெயிச்சதும் நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நாலு மாசம் இருந்தேன்."

நாலு மாதம். டம்ளர் கவிழ்ந்த நாலு மாதமும் அவன் பொறுத்தான் என்று நினைத்திருந்தார். அவன் காத்திருந்திருக்கிறான். இவர் செருப்புச் சத்தத்துக்காக எழுந்து நின்ற அதே நாட்களில், அவன் ஒவ்வொரு கேட் மீட்டிங்குக்கும் ஓரமாக வந்து நின்று, இன்றைக்குச் சொல்வார், இன்றைக்கு என்று.

போன் மறுபடி அதிர்ந்தது. மேடை மேலேயே கிடந்தது, மரத்தில் உறுமியது. அமுதவல்லி என்று பெயர் எரிந்தது.

"எடுங்க சார்" என்றான் இருதயராஜ். "எடுக்கச் சொல்றதா இருந்தாலும் சொல்லுங்க. உங்க இஷ்டம்."

எடுத்தார். "ஏழாவதைப் போடு" என்றார். "அப்படியே போடு. அதுக்கு மேலே ஒரு குறிப்பு, எழுதிக்கோ."

"சொல்லுங்க தோழர்."

"இந்த நோட்டீஸில் குறிப்பிடப்பட்டுள்ள தோழர் இருதயராஜ் கருங்காலி இல்லை. ஃபர்னஸைக் காப்பாற்ற சங்கத் தலைமை எடுத்த முடிவின்படி..."

"ஒரு நிமிஷம் தோழர்." காகிதம் புரளும் சத்தம். "தலைமைன்னா எந்தக் கமிட்டி? மினிட் புக் எல்லாம் ஸ்கேன் பண்ணி என் முன்னாலதான் இருக்கு. அப்படி ஒரு தீர்மானமே இல்லையே."

இல்லைதான். எப்படி இருக்கும்? எத்தனை சுலபமாக வந்து நின்றுகொண்டது அந்த வார்த்தை, தலைமை, ஒரு தூண் மாதிரி, பின்னால் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். "கமிட்டிக்குத் தெரியாது" என்றார். "நான் அனுப்பினேன். என் பேரைப் போடு. மாசிலாமணியாகிய நான் அவரை உள்ளே அனுப்பினேன், அனுப்பியதை மறைத்தேன், அவரைத் துரோகி என்று இந்த நோட்டீஸை எழுதினேன்."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"தோழர்" என்றாள் அமுதவல்லி, மெதுவாக, "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வராங்க. கஜபதி அண்ணன்லாம் பேரனைக் கூட்டிட்டு வராரு, உங்களுக்கு மாலை போடணும்னு. இது கையில இருக்கும் அவங்களுக்கு."

"தெரியும்."

"அப்ப அட்டைப் படம்?"

"அது உங்க கமிட்டி விஷயம். எடுக்கணும்னா எடுங்க."

"சரி." பேனா ஓடியது. திருப்பிப் படித்துக் காட்டினாள், நிறுத்தி நிறுத்தி, கமா இடத்தில் கமா விட்டு. "ஒண்ணு குறையுது தோழர். ஏன் மறைச்சீங்கன்னு இல்லையே. படிக்கிறவங்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

போராட்டத்தின் நலன் கருதி. நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, இருபத்தாறு வருடம் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான வார்த்தைகள், அச்சில் ஏற்றினால் ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். எதிரே இருதயராஜ் இறாலைச் சோற்றின் மேல் படுக்கவைத்துவிட்டு, அதை முன்னால் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"பயந்து" என்றார் மாசிலாமணி.

"கேக்கலை தோழர்."

"பயந்துட்டேன்."

"பயந்துன்னே போடவா?"

"பயந்துன்னே போடு."